மெஷினில் பெரியம்மா இல்லை

என் மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் எல்லாரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "மண்டையில ஒட்டியிருக்கே, அது என்னா?" ஒரு பிள்ளை அது ரேடியோ என்றானாம். இன்னொரு பிள்ளை, "இல்லடா, அவளுக்குச் சார்ஜ் எறங்கிரும், அதான் மண்டையில ஏத்துறாங்க" என்றானாம். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் உங்களுக்குப் பதில் சொல்ல அவளுக்கு இன்னும் சொற்கள் போதவில்லை. அதனால் அவளுக்காக நான் எழுதுகிறேன். நான் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு, வரைக்கும் படித்தவன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அது எங்களுக்கு உடனே தெரியவில்லை. பக்கத்தில் சட்டி விழுந்தாலும் தூங்குவாள். "நல்ல அமைதியான புள்ள, ஒரு தொந்தரவு இல்ல" என்று தோட்டத்து வரிசை வீடுகள் அடங்கிய எங்கள் லயமே மெச்சியது. ஒருநாள் தகரம் அதிர இடி இடித்தது. லயத்துக் குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. எங்கள் பாப்பா மட்டும் தொட்டிலில் தன் கால் விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் என் மனைவிக்குப் பயம் பிடித்தது.

கொழும்பில் பெரிய டாக்டர்கள் அவள் காதுக்குப் பின்னால், தோலுக்குள்ளே, ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்தார்கள். நீங்கள் பார்ப்பது அதன் வெளிப்பாதி. காதுக்கு மேலே கொக்கிபோல ஒன்று, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் பொத்தான் அளவு வட்டம். அந்த வட்டம் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். வெளிப்பாதி சத்தத்தைப் பிடித்து உள்பாதிக்குக் கொடுக்கும். வெளிப்பாதியைக் கழற்றிவிட்டால் பாப்பாவுக்கு ஒன்றுமே கேட்காது. நாங்கள் அதை மெஷின் என்று சொல்வோம்.

மெஷின் போட்டதும் எல்லாம் புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாப்பாவுக்கு முதலில் எல்லாம் ஒரே இரைச்சல்தான். எது நாய், எது பஸ், எது அம்மா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழக வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுக்க நுவரெலியாவில் ஒரு மிஸ் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசுவது எங்களுக்கு முதலில் வேறு மாதிரி இருந்தது, நாங்கள் பேசுவது அவருக்கு வேறு மாதிரி இருந்தது. "பிள்ளை ரெண்டு தமிழையும் கேட்டுப் பழகட்டும், நட்டமில்ல" என்று சிரிப்பார்.

பாப்பா முதன்முதலில் திரும்பிப் பார்த்தது என் குரலுக்கு இல்லை. அவள் அம்மாவின் குரலுக்கும் இல்லை. லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில், இருந்த ஒரு அக்காவின் குரலுக்கு.

அந்த அக்கா புருஷனை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, தனியாக இருந்தார். என் மனைவி கொழுந்து எடுக்கும் அதே கூட்டத்தில் அவரும் எடுத்தார். மெதுவாகப் பேசத் தெரியாது. இந்த மலையில் நின்று பேசினால் அடுத்த மலையில் கேட்கும். "அக்கா இருந்தா எனக்கு விசிலே வேணாம்" என்று கங்காணி கேலி செய்வார். "விசிலு ஊத ஒங்களுக்கு மூச்சு ஏது, நான்தான் ஊதணும்" என்பார் அக்கா. நமது லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போகாதென்பது உங்களுக்குத் தெரியும். சுவருக்கு மேலிருக்கிற அந்த இடைவெளி வழியாகக் காலையில் அவர் குரல் எங்கள் காம்பராவுக்குள் விழும். "என்னாடி, விடிஞ்சும் படுக்கையா? ஒங்கப்பன் மாதிரியே தூங்குமூஞ்சியா வரப்போறியா?" பாப்பா மெஷினை மாட்டிய அடுத்த நொடி சுவரைத்தான் பார்ப்பாள். "பெய்ம்மா" என்று கூப்பிடுவாள். பெரியம்மா என்று சொல்ல வாய் வராது. அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

என் மனைவிக்குக் கொஞ்சம் பொறாமை. "பத்து மாசம் சொமந்தவ நானு. கூப்பிடுறது இவுகள" என்பாள். "நீ சொமந்த, நான் கத்துறேன். கூலி கத்துறவளுக்குத்தான்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததை. அதில் சிரிப்பு குறைவு. இருந்தாலும் வாசியுங்கள்.

ஆனி, ஆடியில் மழை பிடித்தால் இங்கே தலையணை உறைகூடப் பூஞ்சணம் பூக்கும், தீக்குச்சி பற்றாது. மெஷினைக் காயவைக்க மிஸ் ஒரு டப்பா கொடுத்திருந்தார். தினமும் அதில்தான் போட்டு வைத்தோம். ஆனாலும் அந்த வருஷத்து மழையில் ஈரம் எப்படியோ உள்ளே போய்விட்டது. ஒருநாள் மாட்டினோம், பாப்பா கையை விரித்துக் காட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் திருத்தக் கொழும்புக்குப் போனது. அங்கிருந்து வெளிநாட்டுக்கு. வரும் வரும் என்று மாதங்கள் போயின.

பாப்பா பழையபடி கையாலும் முகத்தாலும் பேசத் தொடங்கினாள். வந்த சொற்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. அம்மா போய் "ம்மா" ஆனது, பிறகு அதுவும் வெறும் மூச்சானது. அக்கா மட்டும் விடவில்லை. காலையில் எங்கள் வாசலுக்கு வந்து, பாப்பாவின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு எப்போதும்போலச் சத்தமாகப் பேசுவார். "அவளுக்குத்தான் கேக்காதேக்கா" என்றாள் என் மனைவி ஒருநாள். "கையில கேக்குதுல்ல. பாரு, சிரிக்கிறா" என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் குளவி வந்தது.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மரத்துக் கூடு காற்றில் கலைந்துவிட்டது. உங்கள் வீடுகளிலும் குளவி கொட்டியவர்கள் இருப்பார்கள். நான் விவரிக்கப்போவதில்லை. பலரை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மனைவிக்கு முகமும் கையும் வீங்கி, கண் திறக்க முடியவில்லை. வார்டில் வைத்துப் பார்த்து அவளைப் பிழைக்க வைத்தார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே முடிந்துபோனார்.

பாப்பாவை அன்றைக்கே வட்டவளையில் இருக்கும் என் கொழுந்தியாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சாவு வீட்டில் சின்னப் பிள்ளை எதற்கு என்றும் எல்லாரும் சொன்னார்கள். அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காவின் காம்பராவில் பூட்டுத் தொங்கியது. அவள் அம்மா வீங்கிய முகத்தோடு அடுப்படியில் சுருண்டு படுத்திருந்தாள். பாப்பா பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு விளையாடப் போய்விட்டாள். நாங்களும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

தீபாவளிக்கு முன்னால் மெஷின் வந்தது. நுவரெலியாவுக்குப் போய் வாங்கினோம். மிஸ் கம்ப்யூட்டரில் வைத்துச் சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தார். "ஒரேயடியாப் போடாதேங்கோ அப்பா. கனநாள் இருட்டுக்க இருந்த ஆளின்ர முகத்தில டோர்ச் அடிச்சா என்ன செய்யும்? அப்பிடித்தான் இதுவும். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. சந்தடியில்லாத இடத்தில இருந்து, பிள்ளைக்கு ஆரின்ர குரல் கூடப் பிடிக்குமோ அந்தக் குரலோட தொடங்குங்கோ" என்றார்.

என் மனைவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "சரிங்க மிஸ்" என்றேன் நான்.

மிஸ் இன்னொன்றும் சொன்னார். தை மாதம் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்குள் மெஷின் பழகி, பெயர் சொன்னால் திரும்புகிற அளவுக்கு வந்தால் நமது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உங்களோடு படிக்கலாம். வராவிட்டால், காது கேட்காத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற தூரத்துப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டியிருக்கும். அது நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால் பாப்பாவுக்கு வயது ஆறுகூட நிறையவில்லை. பஸ்ஸில் வரும்போது அவள் என் மடியில் தூங்கினாள். அவள் தலையில் கை வைத்தபடி, மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற அப்பாவாக நான் என்னை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

வீட்டில் கதவைச் சாத்திவிட்டு மாட்டினேன். அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. நான் மெல்ல, "பாப்பா" என்றேன். என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். வட்டத்தைப் பிய்த்து எடுத்தாள். என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் மாட்டவே விடவில்லை, அழுது புரண்டாள். சத்தம் கூடிவிட்டதோ என்று இன்னும் குறைத்தேன். அவளுடைய துணிப் பொம்மையின் காதில் மாட்டிக் காட்டினேன். பொம்மையை முத்தமிட்டாள், மெஷினை வாங்க மாட்டேன் என்று தலையாட்டினாள். முறுக்கு வாங்கி வைத்தேன். முறுக்கைத் தின்றுவிட்டு ஓடினாள். ஒருநாள் மெஷினைக் காணோம். லயத்து ஆட்கள் எல்லாரும் தேயிலைச் செடிக்கடியில் குனிந்து தேடினார்கள். கடைசியில் கோதுமைமா டின்னுக்குள் இருந்தது. நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளவிக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை.

"விட்டுருங்க" என்றாள்.

"எதை விடுறது?"

"அவளுக்கு வேணாம்னா வேணாம். கேட்டு என்னத்தக் கேக்கப்போறா? அன்னைக்கு மலையில நான் கேட்டது போதும். கேக்காம இருக்கிறதும் ஒரு கொடுப்பினதான்."

"அப்ப தூரத்துப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டுருவமா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மெஷினை டப்பாவில் போட்டு மூடினேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். பாப்பா தானாகவே டப்பாவைத் திறந்து மெஷினை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். அவள் சுவருக்கு எதிரில் போய் நின்றாள். தலையைத் தூக்கிச் சுவருக்கு மேலிருக்கிற இடைவெளியைப் பார்த்தாள். வெளியே நாய் குரைத்தது, அவள் தோள் லேசாக அசைந்தது. அப்படியானால் கேட்கிறது. வலியும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து மெஷினைக் கழற்றினாள். டார்ச்சில் பேட்டரி தீர்ந்தால் நாம் உள்ளங்கையில் தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி அதை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். என்னைக் கண்டதும் அதை நீட்டி, இது கெட்டுப்போய்விட்டது என்று கையால் காட்டினாள்.

அவள் மெஷினில் நாய் இருந்தது, மழை இருந்தது, நான் இருந்தேன். பெரியம்மா இல்லை. ஆகவே மெஷின் பழுது. அவள் கணக்கு அதுதான். எனக்கு அது புரிந்தது. புரிந்தாலும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வாரம் அக்காவின் தம்பி வந்து சேர்ந்தார். அக்காவுக்கு இருந்த ஒரே உறவு அவர்தான். நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் வேலை செய்பவர். அக்கா இறந்தபோது நானும் தோட்டத் தலைவரும் அவருக்கு இழவு சொல்லப் போனோம். அவர் இருந்த தோட்டத்தில் அவர் இல்லை, வேறு எங்கோ மாறிப்போயிருந்தார். போனும் வேலை செய்யவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அடக்கம் செய்தோம். யாரோ பஸ்ஸில் பேசியதைக் கேட்டு இப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நமது ஆட்களுக்குள் இழவு சொல்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆள் போய் எதிரில் நின்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் அது சொன்ன கணக்கில் வராது. சொல்லப்படாதவர் அந்த வீட்டுப் படி ஏறமாட்டார், தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்.

அவர் லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டார். "ஏய்யா, இந்தத் தோட்டத்துல காலுள்ள ஆம்பள ஒருத்தனும் இல்லையா? கூடப் பொறந்தவனுக்கு எழவு சொல்ல நாதியில்லையா?"

"வந்தோங்க மாமா. நீங்க அங்க இல்லீங்க" என்றேன்.

"நான் என்னா சீமைக்கா போயிட்டேன்? அடுத்த மலைக்குத்தானே போனேன்."

"உள்ள வாங்க. ஒரு தேத்தண்ணி குடிங்க."

"சொல்லாத எடத்துல எப்பிடிய்யா குடிக்கிறது?"

தலைவர் என் தோளைத் தொட்டார். "சொல்லிருப்பா. தெரிஞ்ச சேதியா இருந்தாலும் பரவால்ல. ஆள் சொல்லிக் கேட்டாத்தான் அவருக்கு ஆறும்."

நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரில் போய் நின்றேன். "மாமா, ஒங்க அக்கா தவறிட்டாங்க. குளவி கொட்டிருச்சு. எங்களால காப்பாத்த முடியல" என்றேன்.

தெரிந்த செய்திதான். ஆனாலும் அதைக் கேட்டதும் அவர் பூட்டிய கதவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து அழுதார். அதுவரை கோபமாக இருந்த மனிதர், ஒரு பிள்ளையைப்போல வாய்விட்டு அழுதார். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, "தேத்தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

பாப்பா எங்கள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் மாட்டியிருக்கவில்லை. என் வாய் அசைந்ததையும், உடனே அந்த மனிதர் அழுததையும் பார்த்தாள். வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன என்று கையை விரித்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு ஒருவருமே அவளுக்குப் பதில் சொல்லவில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

சின்னப் பிள்ளைகளுக்கு யாரும் இழவு சொல்வதில்லை. தேவையும் இல்லை. சாவுக்கு அடிக்கிற தப்பு மேளச் சத்தமும் ஒப்பாரியும் அவர்களுக்குச் சொல்லிவிடும். பெரியவர்கள் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்டு மிச்சத்தை அவர்களே தெரிந்துகொள்வார்கள். நீங்களும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பீர்கள். பாப்பாவுக்குத் தப்பு இல்லை, ஒப்பாரி இல்லை. அவள் வட்டவளையிலிருந்து வந்தாள், ஒரு கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, அக்கா இறந்ததைச் சொன்னேன். "பாப்பாகிட்ட சொல்லலாமா மிஸ்? பயந்துருவாளோ?"

அவர் முதலில் அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தார். பிறகு சொன்னார். "சொல்லுங்கோ. ஊருக்குப் போயிட்டா, சாமியிட்டப் போயிட்டா எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. பிள்ளையிட்ட இருக்கிறதே கொஞ்சச் சொல்லு. அதுக்குள்ள ஒரு பொய்யைக் கலந்தா மிச்சத்தையும் நம்பாது."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் சாக்கை விரித்து அவளை உட்கார வைத்தேன். மெஷினைக் காட்டியதும் முகத்தைத் திருப்பினாள். நான் பூட்டைக் காட்டினேன். பிறகு மெஷினைக் காட்டினேன். யோசித்தாள். தலையைக் கொடுத்தாள்.

மாதக்கணக்காகச் சொல் கேட்டுப் பழகாத பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டிய வார்த்தை இதுதானா என்று நினைத்தேன். நிலா, பூ, பிஸ்கட் என்று எத்தனை நல்ல வார்த்தைகள் இருக்கின்றன.

"பெரியம்மா செத்துட்டாங்க" என்றேன்.

என் வாயைப் பார்த்தாள். மறுபடி சொன்னேன். முன்பு ஒருமுறை எங்கள் கோழிக்குஞ்சு செத்துப்போனபோது அந்தச் சொல்லை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவள் நெற்றி சுருங்கியது.

"குஞ்சு?" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பேசிய சொல் அது.

"ஆமா. குஞ்சு மாதிரி."

"மண்ணு?"

"ஆமாடா. மண்ணுலதான் வச்சோம்."

ரொம்ப நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு தோளையும் கைகளால் கட்டிக்கொண்டு, "குளுரும்" என்றாள்.

நான் ஆமாம் என்றேன். அவள் வட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். திணிக்கவில்லை. கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அவளே மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மாட்டிவிட்டேன். "பெய்ம்மா எங்க?" என்று கேட்டாள். "செத்துட்டாங்கடா" என்றேன். கேட்டுவிட்டுக் கழற்றினாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அதே கேள்வி. மறந்துவிடுகிறாளோ என்று முதலில் நினைத்தேன். மறக்கவில்லை. நான் பதில் சொல்லும்போது அவள் என் வாயை அவ்வளவு கூர்ந்து பார்த்தாள். இன்றைக்காவது பதில் மாறியிருக்குமா என்று பார்க்கத்தான் அவள் மெஷின் போட்டாள். ஒவ்வொரு நாளும் அவளுக்கு நான் அதே பதிலைக் கொடுத்தேன்.

பிறகு லயத்தில் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்கத் தொடங்கினாள். கேட்பதற்குப் போகும்போதும் வரும்போதும் மெஷின் தலையில் இருந்தது. ஒருவர் "சாமிகிட்ட இருக்காங்கம்மா" என்றார். ஒருவர் "ஊருக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க" என்று சொல்லி மிட்டாய் கொடுத்தார். அன்றைக்கு அவள் ஓடி வந்து, "வருவாங்க" என்று என்னிடம் சொன்ன முகத்தை என்னால் மறக்க முடியாது. நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இழவு சொல்லப் போகிறவனைப்போல வீடு வீடாகப் போனேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "பச்சப்புள்ளகிட்ட எப்பிடிப்பா வாய்விட்டுச் சொல்றது?" என்று ஒரு அம்மா அழுதார். "நானும் அப்பிடித்தான் இருந்தேங்க. சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

எல்லாரிடமும் கேட்டவள் தன் அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. அம்மாவும் அந்தக் கேள்வி வரும் நேரம் பார்த்து எழுந்து தண்ணீருக்குப் போய்விடுவாள்.

மார்கழியில் ஒருநாள், மனைவி அடுப்புக்கு முன்னால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா அவள் எதிரில் போய்க் குந்தினாள். மெஷின் தலையில் இருந்தது. மாவு ஒட்டிய அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பெய்ம்மா எங்க?"

மனைவி எழப் பார்த்தாள். பாப்பா கையை விடவில்லை.

"செத்துட்டாங்க" என்றாள் மனைவி. எல்லாரும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை. "நான் கீழ விழுந்துட்டேன்டி. எல்லாரும் ஓடுறாங்க. அவங்களும் ஓடிருக்கலாம். திரும்பி வந்து, தலையில போட்டிருந்த கொங்காணிய அவுத்து என்னய மூடுனாங்க. எம் மேல கவுந்து படுத்துக்கிட்டாங்க. காதுக்குள்ள சொன்னாங்க. அசையாத, ஒனக்குப் புள்ள இருக்குன்னு சொன்னாங்க."

கொங்காணி என்பது மழைக்குத் தலையில் போடுகிற உரம் வந்த உறைதான், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அப்படி நடந்தது என்று எனக்கே அதுவரை தெரியாது. அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பாப்பாவுக்கு அதில் எவ்வளவு புரிந்திருக்கும்? பெரியம்மா, மழை உறை, புள்ள என்று சில சொற்கள் புரிந்திருக்கலாம். மனைவி அழத் தொடங்கினாள். சாவன்று அழ முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அந்த அழுகை மெதுவாக வரவில்லை. தகரக் கூரையில் பட்டுத் திரும்புகிற மாதிரி அழுதாள். கதவு அறைந்தாலே பாப்பா கழற்றிவிடுகிற மெஷின் அது. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை தலைக்குப் போகவில்லை. தன் அம்மாவின் தொண்டைக்குப் போய், அங்கே ஒட்டிக்கொண்டது. அம்மா அழுது ஓயும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டி கருகிப்போனது. ஒருவரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் மெஷினைக் கழற்றுகிறோம். தை மாதம் உங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைத் திருப்பி நிற்க வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பினாள். அதனால்தான் இன்று உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் அதற்குச் சந்தோஷப்பட்டோம். பக்கத்துக் காம்பராவில் சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை.

அவளோடு பேசும்போது கத்த வேண்டாம். எதிரில் நின்று, அவள் பார்க்கும்போது, சாதாரணமாகப் பேசுங்கள். ஓடிப் பிடித்து விளையாடும்போது மெஷின் விழுந்தால் எடுத்துக் கொடுங்கள், யாரும் மிதித்துவிடாமல். இன்னொன்று. புதிதாக யாருடனாவது பழகினால் அவள் கொஞ்ச நாளில் அந்தக் கேள்வியைக் கேட்பாள். உங்களிடமும் கேட்பாள். நீங்கள் அந்த அக்காவைப் பார்த்திருக்கமாட்டீர்கள், இருந்தாலும் கேட்பாள். சிரித்து மழுப்பாதீர்கள். வருவாங்க என்று சொல்லாதீர்கள். செத்துட்டாங்க என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.